நர்ஸிங் லைசென்ஸ் தேர்வு: மருந்துப் பாடம் மிரட்டுதா? குடும்பம் குடும்பமாப் படிச்சா ஈஸி!

மெட்ஃபார்மின், மெட்டோப்ரோலால், மெட்ரோனிடசோல். மூணுமே 'மெட்'னுதான் ஆரம்பிக்குது. முதலாவது சுகருக்கு, இரண்டாவது இதயத்துக்கும் பிரஷருக்கும், மூன்றாவது கிருமித்தொற்றுக்கு. பரீட்சை ஹாலில் இதைக் குழப்பிக்கிட்டா ஒரு மார்க் போகும். வார்டில் குழப்பிக்கிட்டா என்ன ஆகும்னு நர்ஸிங் படிச்ச உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அரியலூர் மாவட்டம் ஆண்டிமடம் பக்கத்தில், முந்திரி விளையும் பகுதியில் இருக்கும் பேரூராட்சி வரதராஜன்பேட்டை. அங்கே இருந்தோ, ஜெயங்கொண்டம், செந்துறை, பெரம்பலூர் பக்கமிருந்தோ நர்ஸிங் முடிச்சிட்டு, டூட்டிக்கும் போய்க்கிட்டு, ராத்திரி மொபைல் வெளிச்சத்தில் வெளிநாட்டு லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கிறவரா நீங்க? பெரிய கோச்சிங் சென்டர் பக்கத்தில் இல்லை, பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், மருந்துப் பாடத்தைத் திறந்தாலே தூக்கம் வருதுன்னா, இந்த கைடு உங்களுக்குத்தான்.

எந்தத் தேர்வில் எவ்வளவு மருந்து?

நம்ம ஊரில் மூணு வருஷ டிப்ளமோவோ, நாலு வருஷ பி.எஸ்சி நர்ஸிங்கோ முடித்து, தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்தால், நீங்கள் பதிவுபெற்ற நர்ஸ். அரசு வேலைக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எய்ம்ஸ் வேலைக்கு 'நார்செட்' என்று தனித் தேர்வுகள் இருக்கு. வெளிநாட்டில் வேலை பார்க்கணும்னா அந்தந்த நாட்டின் லைசென்ஸ் தேர்வைத் தாண்டணும்.

* அமெரிக்கா, 'என்கிளெக்ஸ் ஆர்.என்': கம்ப்யூட்டர் தேர்வு. குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150. நேரம் 5 மணி நேரம். நீங்கள் பதில் சொல்லச் சொல்ல, உங்கள் லெவலுக்கு ஏற்ப அடுத்த கேள்வி வரும். 2023 ஏப்ரலில் இருந்து, ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து அதிலிருந்து தொடர்ந்து கேள்வி கேட்கும் புது வடிவமும் சேர்ந்திருக்கு. இதில் மருந்துப் பகுதி மட்டும் 13 முதல் 19 சதவீதம். தேர்வுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் 150 டாலர் கூடுதல். தவறினால் மறுபடி எழுதக் குறைந்தது 45 நாள் காத்திருக்கணும்.
* பிரிட்டன்: கம்ப்யூட்டர் தேர்வு இரண்டு பகுதி. முதல் பகுதியில் 15 கணக்குகள், 30 நிமிடம். இரண்டாவது பகுதியில் 100 கேள்விகள், இரண்டரை மணி நேரம்.
* வளைகுடா நாடுகள்: நம்ம பிள்ளைகள் 'புரோமெட்ரிக்'னு சொல்லும் தேர்வு. இங்கேயும் மருந்தும் டோஸ் கணக்கும் கட்டாயம் உண்டு.

எந்த நாடாக இருந்தாலும் மருந்துப் பாடத்தைத் தாண்டி ஓட முடியாது. ஒருமுறை ஒழுங்காகப் படித்துவிட்டால் எல்லாத் தேர்வுக்கும் அதே படிப்புதான்.

தேர்வு உண்மையில் என்ன கேட்கிறது?

'டிஜாக்சின் எந்த வகை மருந்து?' என்று நேரடியாகக் கேட்பது குறைவு. கேள்வி இப்படித்தான் வரும்:

'70 வயது நோயாளி. டிஜாக்சினும் ஃபுரோசமைடும் எடுக்கிறார். காலையில் சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறார். விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறதாம். நாடித்துடிப்பு 54. பொட்டாசியம் 2.9. காலை டோஸ் டிஜாக்சின் கொடுக்கும் நேரம். நீங்கள் என்ன செய்வீர்கள்?'

டிஜாக்சின் இதயத்துக்கான மருந்துன்னு மட்டும் மனப்பாடம் பண்ணியவர் இங்கே மாட்டிக்கொள்வார். புரிந்து படித்தவருக்கு ஒரு சங்கிலி தெரியும். ஃபுரோசமைடு சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்சின் விஷமாக மாறும் ஆபத்து அதிகம். பசியின்மை, குமட்டல், மஞ்சள் வளையம் எல்லாம் அதன் அறிகுறிகள். பெரியவர்களுக்கு நாடி 60-க்குக் கீழே இருந்தால் டோஸை நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்லணும். பதில்: கொடுக்கக் கூடாது.

டாக்டர் எழுதலாம், பார்மசிஸ்ட் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால், மருந்து நோயாளியின் உடம்புக்குள் போகும் முன்னாடி இருக்கும் கடைசிக் கை உங்களுடையது. 'இந்த நேரத்தில், இந்த நோயாளிக்கு, இதைக் கொடுப்பது பாதுகாப்பா?' இந்த ஒரே கேள்வியைத்தான் தேர்வு பல வேஷத்தில் கேட்கிறது. அதனால் படிப்பையும் இந்தக் கேள்வியை வைத்தே அமைச்சுக்கணும்.

முதல் தடை: ஒரே மருந்து, பல பெயர்

வார்டில் 'டோலோ கொடு', 'லேசிக்ஸ் போடு', 'எமெசெட் ஒரு ஆம்பூல்' என்று கேட்டே பழகியிருப்போம். இதெல்லாம் கம்பெனி வைத்த பெயர்கள். தேர்வில் பெரும்பாலும் வருவது மருந்தின் சொந்தப் பெயர், அதாவது ஜெனரிக் பெயர். பாராசிட்டமால், ஃபுரோசமைடு, ஆண்டான்செட்ரான்.

அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தவர்களுக்கு இங்கே ஒரு ப்ளஸ் இருக்கு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுவிலிருந்தே மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அந்த அட்டைகளில் ஜெனரிக் பெயர்தான் பெரிசாக இருக்கும். அதைப் பார்த்தே பழகியவர்கள் பாதிக் கிணறு தாண்டியாச்சு. தனியார் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் ஒரு பழக்கத்தை இன்றைக்கே ஆரம்பிக்கலாம். எந்த மருந்தைக் கையில் எடுத்தாலும் பிராண்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயரை ஒருமுறை வாசிங்க.

அமெரிக்கத் தேர்வு எழுதுபவர்களுக்கு இன்னொரு தலைவலி. நம்ம புத்தகத்தில் ஒரு பெயர், அங்கே வேறு பெயர்:

* பாராசிட்டமால் – அசிட்டமினோஃபென்
* அட்ரினலின் – எபிநெஃப்ரின்
* நார்அட்ரினலின் – நார்எபிநெஃப்ரின்
* சால்புட்டமால் – ஆல்ப்யூட்டரால்
* பெத்திடின் – மெப்பெரிடின்
* ரிஃபாம்பிசின் – ரிஃபாம்பின்
* கிளிபென்கிளமைடு – கிளைபுரைடு
* லிக்னோகெய்ன் – லிடோகெய்ன்

இந்த எட்டையும் ஒரே நாளில் முடிச்சிடலாம். முடிக்காமல் போனால், நல்லாத் தெரிந்த மருந்தையே தெரியாத மருந்துன்னு நினைச்சுப் பதில் மாத்திடுவோம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இங்கே வசதிக்காக எல்லாப் பெயரையும் தமிழில் எழுதியிருக்கோம். உங்க நோட்டில் அப்படி எழுதாதீங்க. தமிழில் ஒரே 'ப' எழுத்து இரண்டு ஆங்கில எழுத்துக்கு வேலை செய்யும். 'மைசின்' என்று நாம் எழுதுவதை ஆங்கிலத்தில் வான்கோமைசினுக்கு 'ஒய்' போட்டும், ஜென்டாமைசினுக்கு 'ஐ' போட்டும் எழுதுவாங்க. ஹைட்ரலசின் பிரஷர் மருந்து, ஹைட்ராக்சிசின் அலர்ஜி மருந்து. விளக்கம் தமிழில் இருக்கட்டும். பெயர் மட்டும் ஆங்கில ஸ்பெல்லிங்கில், எழுத்து எழுத்தாக இருக்கணும்.

பெயரின் வாலைப் பிடிங்க

நம்ம ஊரில் இனிஷியல் பெயருக்கு முன்னாடி வரும். மருந்துகளுக்கு அது பெயரின் கடைசியில் வரும். உலக சுகாதார நிறுவனம் 1950-களில் இருந்து மருந்துகளுக்குப் பொதுப் பெயர் வைக்கும் முறையை நடத்துகிறது. ஒரே மாதிரி வேலை செய்யும் மருந்துகளுக்குப் பெரும்பாலும் ஒரே வால். வாலைப் பார்த்தால் குடும்பம் தெரியும். குடும்பம் தெரிந்தால் குணம் தெரியும்.

* 'ப்ரில்' (எனலாப்ரில், ராமிப்ரில்): பிரஷர். வறட்டு இருமல், உதடு-நாக்கு வீக்கம், பொட்டாசியம் ஏறுதல். கர்ப்பிணிக்குக் கூடாது.
* 'சார்டன்' (லோசார்டன், டெல்மிசார்டன்): 'ப்ரில்'லுக்குப் பங்காளி. இருமல் தொல்லை குறைவு. கர்ப்பிணிக்கு இதுவும் கூடாது.
* 'ஓலால்' (அட்டெனோலால், மெட்டோப்ரோலால்): கொடுக்கும் முன் நாடியும் பிரஷரும் பார்க்கணும். ஆஸ்துமா இருக்கான்னு கேட்கணும். சுகர் இறங்கும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். திடீர்னு நிறுத்தக் கூடாது.
* 'டிபின்' (அம்லோடிபின், நிஃபெடிபின்): பிரஷர். கணுக்கால் வீக்கம்.
* 'ஸ்டாட்டின்' (அட்டோர்வாஸ்டாட்டின்): கொழுப்பு. காரணமில்லாத தசைவலி வந்தால் கவனம்.
* 'ப்ரசோல்' (ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல்): வயிற்று அமிலம். சாப்பாட்டுக்கு முன்.
* 'ஃப்ளாக்சசின்' (சிப்ரோஃப்ளாக்சசின்): கிருமிக்கொல்லி. தசைநாண் பாதிப்பு வரலாம். பால், ஆன்டாசிட் கூடச் சேர்த்துக் கொடுக்காதீங்க.
* 'செஃப்' என்று தொடங்குவது (செஃப்ட்ரியாக்சோன்): இங்கே அடையாளம் தலையில் இருக்கு. பென்சிலின் அலர்ஜி உண்டான்னு கேட்காமல் கொடுக்கக் கூடாது.
* 'பாம்', 'லாம்' (டயசிபாம், மிடசோலாம்): மயக்கம், தூக்கம். மூச்சைக் கவனி.
* 'பாரின்' (ஹெப்பாரின், எனாக்சாபாரின்): ரத்தம் உறையாமல் தடுப்பது. எங்கே ரத்தம் கசியுதுன்னு பார்.
* 'கிளிஃப்ளோசின்' (டாபாகிளிஃப்ளோசின்): சுகர். பிறப்புறுப்புத் தொற்று, கீட்டோஅசிடோசிஸ் பற்றிக் கவனம்.

எல்லாக் குடும்பத்திலும் பெயரை வைத்து ஏமாற்றுபவர் ஒருத்தர் இருப்பார். அரிபிப்ரசோல் வயிற்று மருந்து கிடையாது, மனநல மருந்து. ஃப்ளூகோனசோல் பூஞ்சைக்கு. 'மைசின்' என்று முடிந்தாலும் அசித்ரோமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், வான்கோமைசின் மூணும் வேறு வேறு குடும்பம். இவர்களைத் தனி லிஸ்ட் போட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைங்க.

ஒரு மருந்துக்கு ஐந்தே கேள்வி

ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பக்கம் நோட்ஸ் எழுதினால் பத்து மருந்தோடு நின்றுபோகும். ஒரு சின்ன அட்டை போதும். இந்த ஐந்துக்கு மட்டும் பதில் எழுதுங்க:

1. எதற்குக் கொடுக்கிறோம்?
2. கொடுக்கும் முன் எதைப் பார்க்கணும்?
3. எப்போது கொடுக்கக் கூடாது?
4. என்ன ஆபத்து வரலாம், முதலில் தெரியும் அறிகுறி எது?
5. நோயாளியிடம் என்ன சொல்லி அனுப்பணும்?

ஃபுரோசமைடு எடுத்துக்குவோம். உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்ற. பிரஷர், பொட்டாசியம், எடை பார்க்கணும். பிரஷரோ பொட்டாசியமோ ரொம்பக் குறைவா இருந்தால் கொடுக்காமல் டாக்டரைக் கேட்கணும். தசைப்பிடிப்பு, தலைசுற்றல், ஊசியை வேகமாகப் போட்டால் காது இரைச்சல். காலையில் போட்டுக்கச் சொல்லணும், இல்லாட்டி ராத்திரி முழுக்க பாத்ரூம்தான். தினம் ஒரே நேரத்தில் எடை பார்க்கச் சொல்லணும். அட்டை முடிந்தது.

இதற்கு முதல் பாடப்புத்தகம் உங்க வீட்டிலேயே இருக்கு. பாட்டியின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்க. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடி மாத்திரை வருதே, அந்த அட்டைகளில் இருப்பது தேர்வில் வரும் மருந்துகள்தான். அம்லோடிபினையும் மெட்ஃபார்மினையும் பாட்டிக்குப் புரியும் தமிழில் விளக்கிப் பாருங்க. 'ஏன் சாப்பாட்டோட போடணும்?'னு அவங்க கேட்டு நீங்க முழிச்சா, அங்கேதான் உங்க ஓட்டை. ஒரு கண்டிஷன், விளக்குவதோடு நிறுத்திக்கணும். அவங்க டோஸில் கைவைக்கக் கூடாது.

கண்ணை மூடினாலும் தெரியணும்: எண்களும் மாற்று மருந்துகளும்

புரிந்து படிக்கச் சொன்னோம். ஆனால், சில விஷயங்களைப் பச்சையாக மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும். நல்லவேளை, லிஸ்ட் சின்னது.

*ரத்தத்தில் இருக்கவேண்டிய அளவு:*

* டிஜாக்சின்: 0.5 – 2 நானோகிராம்/மி.லி.
* லித்தியம்: 0.6 – 1.2. 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து
* ஃபெனிடாயின்: 10 – 20 மைக்ரோகிராம்/மி.லி.
* வார்ஃபரின் எடுப்பவரின் ஐ.என்.ஆர்: பெரும்பாலும் 2 – 3
* பொட்டாசியம்: 3.5 – 5.0

*எதற்கு எது மாற்று:*

* பாராசிட்டமால் அதிகமானால்: அசிட்டைல்சிஸ்டீன்
* ஹெப்பாரின்: புரோட்டமின் சல்ஃபேட்
* வார்ஃபரின்: வைட்டமின் கே
* மார்ஃபின் வகை: நாலாக்சோன்
* டயசிபாம் வகை: ஃப்ளூமசெனில்
* மெக்னீசியம் சல்ஃபேட்: கால்சியம் குளுக்கோனேட்
* இரும்பு: டெஃபெராக்சமின்

எண்ணோடு சேர்த்து ஒரு காரணத்தையும் மாட்டிவிட்டால் மறக்காது. லித்தியமும் உப்பும் சிறுநீரகத்தில் ஒரே வழியில் போகும் பயணிகள் மாதிரி. உடம்பில் உப்பு குறைந்தால், சிறுநீரகம் உப்பென்று நினைத்து லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் வாந்தி, பேதி, கடும் வெயில் வேர்வை என்றால் லித்தியம் நோயாளியைக் கவனிக்கச் சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் அரியலூர்ப் பக்கம் நடந்தவருக்கு இந்தப் பாடம் மறக்குமா என்ன?

பொட்டாசியம் குளோரைடை நரம்பில் நேரடியாக 'புஷ்' பண்ணவே கூடாது. இதயம் நின்றுவிடும். தேர்வில் அப்படி ஒரு ஆப்ஷன் வந்தால், மற்ற மூணையும் வாசிக்கும் முன்னாடியே அதை அடிச்சிடுங்க.

நம்ம ஊர் அனுபவம் எங்கே கை கொடுக்கும்?

'வெளிநாட்டுத் தேர்வு, நமக்கு எங்கே தெரியப்போகுது'ன்னு நினைக்காதீங்க. மாவட்ட ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நீங்க பார்த்த பல விஷயங்கள் அப்படியே கேள்வியாக வரும்.

லேபர் ரூம்: வலிப்பு வரும் நிலையில் இருக்கும் கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்ஃபேட். அடுத்த டோஸுக்கு முன் மூணு பார்க்கணும்: முழங்கால் ரிஃப்ளெக்ஸ், மூச்சு, சிறுநீர். சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வரணும். மூச்சு எண்ணிக்கையில் மட்டும் கவனம். நம்ம ஊரில் 16-க்குக் குறையக் கூடாதுன்னு படிச்சிருப்பீங்க. அமெரிக்கப் புத்தகங்களில் பெரும்பாலும் 12 இருக்கும். ஆக்ஸிடோசின் போகும்போது 10 நிமிடத்தில் 5 முறைக்கு மேல் கர்ப்பப்பை இறுகினால், முதல் வேலை டிரிப்பை நிறுத்துவது.

காசநோய்: நான்கு மருந்துகளையும் கையாண்டவர் நீங்க. ரிஃபாம்பிசின் என்றால் ஆரஞ்சு நிறச் சிறுநீர், பயப்பட வேண்டாம். ஐசோனியசிட் என்றால் கை கால் மதமதப்பு, அதற்கு வைட்டமின் பி6. எத்தாம்பியூட்டால் என்றால் கண், நிறம் பிரித்துப் பார்ப்பதில் சிக்கல். பைரசினமைடு என்றால் யூரிக் அமிலம், மூட்டுவலி.

பூச்சிமருந்து: விவசாய மாவட்டங்களில் எமர்ஜென்சியில் வேலை பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டாங்க. எச்சில் ஒழுகும், கண்ணீர் வழியும், கண்மணி புள்ளியாகச் சுருங்கும், மூச்சுக்குழாயில் சளி நிறையும். அதற்கு அட்ரோபின், கூடவே பிராலிடாக்சிம். இதே அறிகுறிகள் தேர்வில் மயஸ்தீனியா நோயாளிக்கு மருந்து அதிகமான கேஸாக வரும். அடையாளம் கண்டுபிடிச்சா பதில் கையில்.

கணக்கு: மார்க்கும் உயிரும் ஒண்ணா இருக்கும் இடம்

அடிப்படை ஒன்றுதான். வேண்டிய டோஸை, கையில் இருக்கும் டோஸால் வகுத்து, அது இருக்கும் அளவால் பெருக்கணும்.

*உதாரணம் 1:* 12 கிலோ குழந்தை. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. ஆக 180 மி.கி. சிரப் 5 மி.லி.யில் 125 மி.கி. என்றால் 7.2 மி.லி. அதே சிரப் 250 மி.கி. வகை என்றால் 3.6 மி.லி. அமெரிக்காவில் வழக்கமான 160 மி.கி. வகை என்றால் சுமார் 5.6 மி.லி. குழந்தை ஒன்று, டோஸ் ஒன்று, ஊற்றும் அளவு மூன்று. பாட்டில் லேபிளைப் படிக்காமல் 'ஒரு மூடி கொடு' என்பது ஏன் ஆபத்துன்னு இப்போ புரியுதா?

*உதாரணம் 2:* 1,000 மி.லி. சலைன், 8 மணி நேரம், 1 மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட். 1,000-ஐ 20-ஆல் பெருக்கி, 480 நிமிடத்தால் வகுத்தால் சுமார் 41.7. ஆக நிமிடத்துக்கு 42 சொட்டு.

*உதாரணம் 3:* குழந்தையின் எடை 44 பவுண்டு என்று கேள்வியில் வரும். 2.2-ஆல் வகுத்தால் 20 கிலோ. அவசரத்தில் 44 கிலோன்னு எடுத்துக்கிட்டா டோஸ் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிடும். அந்தத் தப்பான விடையும் ஒரு ஆப்ஷனாகக் காத்துக்கிட்டு இருக்கும்.

இன்சுலினைத் தனியாகச் சொல்லணும். நம்ம ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 1 மி.லி.யில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். அமெரிக்காவில் வழக்கம் 1 மி.லி.யில் 100 யூனிட், ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 40 சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அது அரை மி.லி. குப்பி 100 வகையாக இருந்துவிட்டால், உள்ளே போவது 50 யூனிட். 20 கொடுத்தோம்னு நினைப்போம், இரண்டரை மடங்கு போயிருக்கும். நோயாளி சுகர் இறங்கி மயங்கிக் கிடப்பார். குப்பியும் சிரிஞ்சும் ஜோடி சேருதான்னு பார்ப்பது வார்டுக்கும் உதவும், தேர்வுக்கும் உதவும்.

பிரிட்டன் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே சுகரை வேறு அலகில் சொல்வாங்க. நம்ம அளவை 18-ஆல் வகுத்தால் அவங்க அளவு. நம்ம 180 அங்கே 10.

எழுதும்போதும் ஒழுக்கம் வேணும். 'ஒண்ணு' என்பதை 1.0 என்று எழுதாதீங்க, புள்ளி தெரியாவிட்டால் 10 ஆகிடும். அரையை .5 என்று எழுதாதீங்க, 0.5 என்று எழுதுங்க.

ஆங்கிலம் பயமுறுத்துதா? சில வார்த்தைகள் போதும்

மருந்து தெரிந்தும் கேள்வி புரியாமல் மார்க் விடுபவர்கள் நிறைய பேர். இவற்றைப் பழகிக்கோங்க:

* 'வித்ஹோல்ட்' / 'ஹோல்ட்': இந்த டோஸை இப்போதைக்குக் கொடுக்காமல் நிறுத்திவை.
* 'டிஸ்கன்டினியூ': மருந்தையே நிறுத்து.
* 'டேப்பர்': கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. ஸ்டீராய்டு கேள்விகளில் வரும்.
* 'டைட்ரேட்': பலனைப் பார்த்து டோஸை ஏற்றி இறக்கு.
* 'கான்ட்ரா இண்டிகேட்டட்': இவருக்கு இது கூடாது.
* 'நீட்ஸ் ஃபர்தர் டீச்சிங்': நோயாளி இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அதாவது, அவர் சொன்னதில் *தப்பான* வாக்கியத்தை நீங்க தேர்ந்தெடுக்கணும்! பழக்க தோஷத்தில் சரியான வாக்கியத்தை டிக் பண்ணிவிட்டு வருபவர்கள் அதிகம்.
* 'ஃபர்ஸ்ட்', 'இனிஷியல்': நாலு ஆப்ஷனும் சரியாக இருக்கலாம். முதலில் செய்வது எது? ஊசி மருந்து டிரிப்பில் போகும்போது அலர்ஜி வந்தால், டாக்டரைக் கூப்பிடுவதும் சரிதான். ஆனால் முதலில் டிரிப்பை நிறுத்தணும்.

12 வாரத் திட்டம்: டூட்டியோடு எப்படி?

ஒரு நாளைக்கு 5 மருந்து. வாரம் 6 நாள். 12 வாரத்தில் 360 மருந்து. தேர்வுக்கு இது தாராளம். ஏழாவது நாளில் புதுசு எதுவும் வேண்டாம், அந்த வாரத்து 30-ஐ மட்டும் திருப்பிப் பாருங்க.

வாரத்துக்கு ஒரு பகுதி: இதயமும் பிரஷரும் இரண்டு வாரம், சுகரும் ஹார்மோனும், கிருமிக்கொல்லிகள் இரண்டு வாரம், மூச்சு, வயிறு, நரம்பு-வலி, மனநலம், பிரசவம்-குழந்தை, ரத்தம்-புற்றுநோய், கடைசி வாரம் எமர்ஜென்சி. கணக்கு மட்டும் தினமும் மூணு, லீவே கிடையாது.

படிக்கும் முறையில் ஒரு மாற்றம் பண்ணுங்க. ஜெர்மனியின் எபிங்ஹாஸ் 1885-லேயே மறதியை அளந்து காட்டினார். படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலும் நாள்களிலும்தான் நழுவுது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதியவர்கள்தான் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

ஆக, ஹைலைட்டரை ஓரமாக வைங்க. அட்டையின் முன்பக்கம் மருந்தின் பெயர், பின்பக்கம் ஐந்து பதில். திருப்பும் முன்னாடி வாய்விட்டுச் சொல்லுங்க. ஒரு நாள், மூணு நாள், ஏழு நாள், மூணு வாரம் என்ற இடைவெளியில் மறுபடி எடுங்க. தப்பான அட்டை மறுநாளே திரும்ப வரணும்.

* பஸ்ஸில்: உங்க குரலிலேயே கேள்வியை ரெக்கார்டு பண்ணி, பதிலுக்குப் பத்து விநாடி இடைவெளி விடுங்க. ஹெட்செட் மாட்டிக்கிட்டா ஜெயங்கொண்டம் வர்றதுக்குள்ள இருபது மருந்து ஓடும்.
* டூட்டியில்: இன்றைக்குக் கொடுத்த மருந்தில் மூணை மட்டும் மனசில் குறிச்சுக்கோங்க. வீட்டுக்கு வந்து அட்டை போடுங்க. நோயாளியின் பெயரோ சீட்டின் போட்டோவோ மொபைலில் வேண்டவே வேண்டாம்.
* வாட்ஸ்அப்பில்: நாலு தோழிகள் போதும். தினம் ஒருத்தர் ஒரு கேஸ் போடணும். 'ஏ, பி, சி' என்று பதில் போட்டால் செல்லாது, காரணம் சொல்லணும்.
* நைட் ஷிஃப்ட் முடிந்த காலை: புதுசாகப் படிக்காதீங்க. தூங்குங்க. தூக்கத்தில்தான் படிச்சது ஒட்டும்.

'அதே கேள்வி வரும்'னு யாராவது விற்றால்?

'ரீகால்ஸ்', 'லீக்டு பேங்க்' என்று டெலிகிராமில் காசுக்கு ஓடும் பைல்களில் இருந்து தள்ளியே இருங்க. கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன்னு ஒப்புக்கொண்டுதான் என்கிளெக்ஸ் எழுதுகிறோம். அதை மீறினால் ரிசல்ட்டே ரத்தாகலாம். அதோடு, பதில் தப்பான பைலும் நிறைய. 'பாஸ் கியாரண்டி'ன்னு சொல்லி லட்சத்தில் பணம் கேட்பவர்களிடமும் அதே எச்சரிக்கை வேணும். வெளிநாட்டு வேலை விவரங்களுக்கு, 1978-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு. முதலில் அங்கே விசாரிச்சிடுங்க.

மருந்துத் தவறுகளால் உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 4,200 கோடி டாலர் செலவாகுதுன்னு 2017-ல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அந்தத் தவறுகளில் பலவற்றை நோயாளியின் கட்டில் பக்கத்தில் நிற்பவர் ஒரு நிமிடம் நிதானித்தால் தடுக்கலாம். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான டோஸ், சரியான வழி, சரியான நேரம் என்று முதல் வருஷத்தில் படிச்சதைத்தான் லைசென்ஸ் தேர்வு மறுபடி மறுபடி கேட்குது.

இன்றைக்கு ராத்திரி ஐந்தே அட்டை போடுங்க. எனலாப்ரில், அட்டெனோலால், அம்லோடிபின், ஃபுரோசமைடு, டிஜாக்சின். நாளைக்கு வார்டில் இதில் ஒன்றாவது உங்க கையில் வரும். அட்டையில் எழுதினதை அங்கே சரிபார்த்துக்கோங்க. ஆல் தி பெஸ்ட்!